சகோதரி கிருபையின் சுகப்பிரசவத்துக்காக

எங்கள் சுகிர்தபுரத்து வேதக்கோயில் மணி குரைக்க ஆரம்பித்தது லெந்து என்கிற நோன்புக் காலத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு அடிக்கிற முதல் மணியில். மணி அடிக்கிற கோயில்குட்டியார் மாசிலாமணி எப்போதும்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க, கோபுரத்து உச்சியிலிருந்து டாண் என்று விழவேண்டிய சத்தம் வள் என்று விழுந்தது. அவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், நாய் ஏதும் நிற்கிறதா என்று கோயிலைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி இழுத்தார், மறுபடியும் வள். முதல் மணிக்கு முப்பத்திரண்டு இழுப்பு என்பது அவர் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்பதால் முப்பத்திரண்டையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் எங்கள் பாதிரி ஐயரிடம் சொல்லப் போனார்.

நான் அந்நேரம் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் அது நாய்க் குரைப்பாகக் கேட்டது. எனக்கு மட்டும் அது கிருபையாகக் கேட்டது. அந்தக் குரலை நான் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இனிமேல் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் தேங்காயோடு சேர்த்து என் விரலையும் துருவிக்கொண்டேன், பூவெல்லாம் சிவந்துபோயிற்று, அதை யாருக்கும் தெரியாமல் வாழைமூட்டில் கொட்டினேன்.

திங்கட்கிழமை கோயில் கமிட்டி கூடியது. மாசிலாமணியை ஏணி வைத்து ஏற்றிப் பார்த்தார்கள். மேலே இரண்டு புறாவும் நூல் அறுந்த ஒரு பட்டமும்தான் இருந்தன. மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றி அடித்துப் பார்த்தார்கள். வாயைக் கட்டிப்போட்ட நாய்போல ஊம் ஊம் என்று முனகியது, கேட்கச் சகிக்காமல் அவிழ்த்துவிட்டார்கள். புளி போட்டுத் தேய்த்தார்கள், பளபளவென்று குரைத்தது. டவுனிலிருந்து மணி வார்க்கிற ஆள் ஒருவரை வரவழைத்தார்கள், அவர் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, கீழே இறங்கிக் கையைக் கழுவிக்கொண்டு, "வெங்கலத்துல ஒரு குத்தமும் இல்ல. நல்ல மணி. இனி அந்த நாய்க்கு என்ன குறைன்னுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

டீக்கடையில் ஒருத்தன், "கோயில்குட்டின்னு பேரு வச்சா, கோயில் குட்டி போடாம என்ன செய்யும்?" என்று கேட்டதில் மாசிலாமணிக்குக் கோபம் வந்து மூன்று நாள் அந்தக் கடைக்குப் போகவில்லை, நாலாம் நாள் போனார், ஏனென்றால் ஊரில் வேறு கடை இல்லை. மேலத்தெருப் பேச்சிமுத்துக் கோனார் செவ்வரளி மாலையோடு வந்து, "எங்க பைரவர் ஒங்க கோயில்ல வந்து ஏறியிருக்காரு, ஒரு மாலை சாத்திக்கிடுதேன்" என்று நிற்க, ஐயர், "மாலையப் படியில வச்சிட்டுப் போங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மூன்று வாரத்தில் ஊருக்குப் பழகிவிட்டது. முதல் குரைப்பு ஆயிட்டு, இன்னும் குளிக்காம என்ன செய்யுத என்று தாய்மார் பிள்ளைகளை விரட்டினார்கள். பன்னிரண்டு மணிக் குரைப்புக்குக் கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பெரியவர் தேவசகாயம் காலமானபோது துக்கமணி ஒவ்வொரு இழுப்புக்கும் நீளமாக ஊளையிட்டதைக் கேட்டு அவருடைய மகள்கள், எங்கப்பாவுக்கு இப்படி மனசுவிட்டு வேற யாரும் அழலையே என்று மணிக்குக் கீழே நின்று கும்பிட்டார்கள். பக்கத்து ஊர்ச்சபைக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. குரல் எப்போதும் ஒன்றாக இருக்கவில்லை. முதல் மணிக்கு ஒன்று, இரண்டாம் மணிக்கு ஒன்று, கீச்சென்று ஒன்று, தொண்டை கட்டின மாதிரி ஒன்று என்று மாறி மாறி வந்தது, அதையும் பழகிக்கொண்டார்கள். வெண்கலத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள், கயிற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். இது யாருடைய குரல் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு ஒவ்வொரு குரலையும் தெரியும். பேரோடு தெரியும். பேர் வைத்தவளே நான்தான்.

என் மூத்தவன் ஆசீர், ஷார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வந்தவன், மூட்டை தூக்க முடியாது, நின்று பார்க்கிற வேலை முடியாது என்று ஒரு வருஷம் கட்டிலில் கிடந்தவன், கடைசியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு ஒரு சோடிப் பொம்மரேனியன் நாயைக் கொண்டுவந்து விட்டான். "யம்மா, குட்டிக்கு ஆள் வந்து நிக்குது, நீ ஜெபம் மட்டும் பண்ணு" என்றான். நான் தகரத்தில் எண்ணெய் தொட்டுச் சிலுவை போட்டு ஜெபித்தேன். சோடி ஆறாயிற்று, ஆறு முப்பதாயிற்று, தரையில் நின்ற நாய்கள் கம்பிக் கூண்டுக்குப் போயின, கூண்டின்மேல் கூண்டு ஏறிற்று, மேல்கூண்டு மூத்திரம் கீழ்க்கூண்டில் சொட்டாமலிருக்க நடுவில் ஒரு தகரம் வைத்தான், கூண்டுக்கு நம்பர் எழுதினான். பகலெல்லாம் அந்தத் தகரத்துக்குக் கீழே வெயில் கொதிக்கும். நான் இரண்டு வேளை சோறு கொண்டுபோய் ஊற்றிவிட்டு, மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு வந்து, கைகால் கழுவி, வேதம் வாசிக்க உட்காருவேன்.

"யம்மா, பதினோராம் நம்பருக்கு இன்னைக்கோ நாளைக்கோ. ஜெபத்துல வச்சிக்கோ" என்பான். நம்பரைச் சொல்லி ஜெபிக்க எனக்கு வரவில்லை. ஆண்டவர் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறவரா என்ன? அதனால் பேர் வைத்தேன். பதினோராம் நம்பருக்குக் கிருபை என்று வைத்தேன். வெள்ளை ரோமமும், யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி எப்போதும் சாய்ந்த தலையுமாக இருப்பாள். எட்டுக்குப் பொறுமை, நாலுக்கு லில்லி, பத்தொன்பதுக்கு ராஜாத்தி. எங்கள் கோயிலில் வாசலண்டை ஒரு பெட்டி இருக்கும், ஜெப விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதிப் போட்டால் ஐயர் ஞாயிறு ஆராதனையில் வாசித்து, சபையார் எல்லாருமாக அதற்கு ஆமென் சொல்வார்கள். ஒருத்தி ஜெபிக்கிறதைவிட இருநூறு பேர் ஜெபித்தால் பலன் அதிகம் என்று நினைத்து நான் சீட்டில் எழுதினேன்: கிருபையின் சுகப்பிரசவத்துக்காக. அவ்வளவுதான் எழுதினேன். ஐயர் அதைப் பிரித்து, பழக்கத்தில், "சகோதரி கிருபையின் சுகப்பிரசவத்துக்காக" என்று வாசித்தார்.

அந்தச் 'சகோதரி'யை நான் எழுதவில்லை. ஆனால் அதைத் திருத்தவும் இல்லை.

கிருபைக்கு ஆறு குட்டி சுகமாகப் பிறந்தது. ஐந்து மாதம் கழித்து மறுபடி எழுதினேன், மறுபடி பிறந்தது. பொறுமைக்காக எழுதினேன், லில்லிக்காக எழுதினேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செக்ரட்டரி ராஜகனி மதினி ஒருநாள் ஆராதனை முடிந்து என்னை மடக்கினாள்.

"புஷ்பம், இந்தக் கிருபை யாருட்டி? ஒனக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம் மதினி."

"வருசத்துக்கு ரெண்டு பேறா? அதெப்படிட்டி?"

"ஒண்ணு குறைமாசம்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

"அடப்பாவி! அவ ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? புருசன்காரன் மனுசன்தானா? அவன விடு, வீட்ல ஒரு மாமியாக்காரி இருப்பாள்லா, அவ என்ன செய்யுதா? கண்ணவிஞ்சா போச்சு?"

மறுவாரம் மதினி சுக்கும் திப்பிலியும் கருப்பட்டியும் போட்டு இடித்து, பேறுகால மருந்து உருண்டை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கிருபைக்குக் கொடுத்தனுப்பச் சொல்லித் தந்தாள். அதை நாய்க்குக் கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை, எறிவதற்கும் பயம்; தினம் ஒன்றாக நானே தின்று தீர்த்தேன். கடைசி உருண்டை வரை தொண்டையில் நின்று காந்தியது.

பிறகு தெருக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று மனு எழுதினார்கள். ஆசீர் யாரோ ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பண்ணைக் கதவைச் சாத்திக்கொண்டான். "தொண்டையில ஒரு சின்ன வேலைம்மா, ஒண்ணும் வலிக்காது" என்றான். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பின்னால் சத்தமே இல்லை. சோறு கொண்டுபோனால் முப்பது வாயும் திறக்கும்; கழுத்து நரம்பு புடைக்கும், வால் முதல் மூக்கு வரைக்கும் உடம்பு அந்தக் குரைப்புக்காக ஆடும், வெளியே வருவது சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு காற்றுதான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் முதல்முறையாக மத்தியானத்தில் நன்றாகத் தூங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டில், வீட்டில் சமாதானம் உண்டானதற்காக ஸ்தோத்திரம் என்று எழுதிப் போட்டேன். இருநூறு பேர் ஆமென் சொன்னார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அறுபட்ட அந்தக் குரல்கள் எங்கே போயின என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. கோயில் மணிக்குள் போய் ஒண்டியிருந்தன. ஜெபித்தது அங்கேதானே.

மணி குரைக்க ஆரம்பித்த இரண்டாம் வாரத்தில்தான் சனிக்கிழமைக்காரர்கள் வந்தார்கள். டவுனில் பழைய அரிசி மில்லில் தெருநாய்களுக்கும் கைவிட்ட நாய்களுக்கும் காப்பகம் வைத்திருக்கிற வகிதா டீச்சரும் ஐந்து பேரும். அவர் ஓய்வுபெற்ற டிரில் டீச்சர், அறுபது வயசுக்கும் கம்பு மாதிரி நிமிர்ந்து நிற்பார். எங்கள் வீட்டுக்கு எதிரே பூவரசு மரத்தடியில் காலை பத்து மணிக்குப் பாய் விரித்து உட்காருவார்கள், பன்னிரண்டு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். கையில் அட்டை இருக்கும். 'இந்தக் குட்டியின் தாயைப் பார்த்தீர்களா?' என்று ஒன்று. 'காசுக்கு வாங்காதீங்க, காப்பகத்துக்கு வாங்க' என்று ஒன்று. கத்த மாட்டார்கள், கோஷம் போட மாட்டார்கள். ஆசீர் முதல்நாள் வெளியே போய், "என்ன, ஊமை நாடகமா? வாயத் தொறந்து கத்துங்க, நான் போலீசக் கூப்பிட வசதியா இருக்கும்" என்று சீண்டினான்.

"உள்ள இருக்கிறதுங்களால கத்த முடியலையே தம்பி, நாங்க மட்டும் என்னத்துக்குக் கத்தணும்?" என்றார் டீச்சர்.

குட்டி வாங்க வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு, தாயைக் காட்டுங்க என்று கேட்டார்கள். ஆசீர் காட்டவில்லை. சிலர் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் சனிக்கிழமை வெயில் கடுமையாக இருந்ததால் ஒரு குடம் தண்ணீரும் தம்ளருமாகக் கேட்டைத் திறந்து போனேன். டீச்சர் குடித்துவிட்டு, "அக்கா, கோவிச்சிக்கிடாதீங்க, இதக் கொஞ்சம் பாருங்க" என்று பக்கத்தில் துணிக்குள் சுருண்டு கிடந்ததைத் தூக்கி மடியில் வைத்தார். ரோமம் உதிர்ந்து, பல் பாதி கொட்டி, கழுத்தில் தழும்போடு ஒரு நாய். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால குப்பையில கிடந்துச்சு. இனிமே குட்டி போடாதுன்னு யாரோ கொண்டுவந்து எறிஞ்சிருக்காங்க. ஒங்களுக்கு இதத் தெரியுதா?"

பொறுமை. வயசான நாயையெல்லாம் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுவதாக ஆசீர் சொல்லியிருந்தான். நானும் அருவித் தண்ணியும் மாமரமுமாக மனசுக்குள் அந்தப் பங்களாவைக் கட்டி வைத்திருந்தேன். பொறுமை என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் மடங்கிற்று. உட்கார்ந்தபடியே வாலை ஆட்டினாள். சோற்றுச் சட்டியோடு என்னைப் பார்க்கும்போது ஆட்டுகிற அதே ஆட்டம்.

கேட்டருகே என் மகன் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பன்னிரண்டு மணி அடித்தது. தொண்டை கட்டின மாதிரி, இடையிடையே இருமுகிற மாதிரி, பன்னிரண்டு தடவை பொறுமையின் குரல். மடியில் கிடந்தவள் காதை விறைத்துத் தலையைத் தூக்கி, தன்னுடைய குரல் எங்கோ உயரத்தில் போவதைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். டீச்சர் மணியையும் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். கேட்டிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் வாய் திறக்கும், காற்றுதான் வரும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ராஜகனி மதினி ஒரு பையோடு வந்தாள். பையில் ஒரு புதுச் சேலையும், அவளே பின்னின இரண்டு சின்னத் தொப்பியும், துண்டும் இருந்தன. "சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. ஒம்பது தடவ முழங்கால் போட்டிருக்கோம் அந்தப் பிள்ளைக்காவ. நாளைக்குப் பண்டிகைக்குக் கூட்டியா. நாங்க ஒரு தடவ முகத்தப் பாக்கணும். அந்த மாமியாக்காரியும் வந்தா வரட்டும், நான் ரெண்டு வார்த்த கேக்கணும்."

"சரி மதினி" என்றேன்.

விடிந்ததும் ஆசீர் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்: "பதினொண்ணுக்கு இன்னைக்குச் சோறு வேண்டாம்மா. போன ஈத்துல ஒண்ணுதான் தங்கிச்சு, இனி ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஒம்பது மணிக்கு ஆட்டோ வருது."

"எங்க கொண்டுபோற?"

"குத்தாலத்துப் பங்களாவுக்குத்தான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். நான் பெற்ற முகம். அவன் வாய் கொப்பளிக்கத் திரும்பிக்கொண்டான்; என் மகனுக்கும் கூசுகிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் குளிக்கப் போன நேரத்தில் பண்ணைக்குள் போனேன். கூண்டைத் திறந்தேன். கிருபை வெளியே வரவில்லை. கதவு திறந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தூக்கினேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் தூக்கினது அதுதான் முதல் தடவை, ரோமத்துக்குள் ஒன்றுமே இல்லாத கனம். இரண்டாம் மணி குரைத்துக்கொண்டிருந்தது. தெருவில் இறக்கிவிட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் தளர்வாகக் கட்டி நடத்தினேன். கம்பியில் நின்று பழகிய கால். மண்ணை மிதித்ததும் விரலெல்லாம் விரிந்துகொண்டன, ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று தரையை மோந்து பார்த்தாள். தெருவெல்லாம் ஜனம் கையில் ஓலையோடு போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஐயர் சீட்டுகளை வாசிக்கிற நேரத்தில் நடுவழியாக உள்ளே போனேன். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் மதினி பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். என்னையும் பார்த்தாள், எனக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"எங்கட்டி கிருபை?"

நான் கீழே காட்டினேன்.

யாரோ ஒரு ஆம்பிளை சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"இதுதான் கிருபை" என்றேன். எனக்குச் சபையில் பேசிப் பழக்கமில்லை. "பொறுமையும் நாய்தான். லில்லி, ராஜாத்தி, எல்லாம் என் வீட்டுப் பின்னால கூண்டுல இருக்கிறதுதான். ஐயா சகோதரின்னு வாசிச்சாங்க, நான் திருத்தல. நீங்க ஆமென் சொன்னீங்க, குட்டி பொறந்துச்சு, வித்தோம், மறுபடி எழுதிப் போட்டேன். கத்துதுன்னு தொண்டைய அறுத்தாச்சு. அதுக்கும் ஸ்தோத்திரம் எழுதிப் போட்டேன், அதுக்கும் நீங்க ஆமென் சொன்னீங்க." பிறகு மதினியைப் பார்த்து, "மாமியாக்காரி என்ன செய்யுதான்னு கேட்டீங்களே மதினி. அது நாந்தான்" என்றேன்.

கிருபை இத்தனை மனுஷரை ஒன்றாகக் கண்டதில்லை. நான்கு காலையும் ஊன்றி நின்று, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தாள். கோயிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. மேலே கோபுரத்தில் மணி குரைத்தது. அவள் வாயை மூடினாள், மணி நின்றது. திறந்தாள், குரைத்தது. எல்லாரும் திரும்பி மாசிலாமணியைப் பார்க்க, அவர் கடைசி வரிசையில் எழுந்து நின்று வெறுங்கைகளை உயர்த்திக் காட்டினார்.

ராஜகனி மதினி எழுந்தாள். "ஒம்பது தடவ முழங்கால் போட்டேன்ட்டி" என்றாள், அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு, என் சேலை தன்மேல் படாமல் ஒதுங்கி, வெளியே போனாள். ஐயர் கையிலிருந்த சீட்டுகளை மடித்து வேதத்துக்குள் வைத்தார். "வாசிச்சது நான்தானே" என்றார். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை.

ஆசீர் கோயில் வாசலில் ஈரத் தலையோடு நின்றிருந்தான், உள்ளே வரவில்லை. "ஊரு முன்னால என்னயக் கேவலப்படுத்திட்டியே" என்றான்.

"ஒன்னய இல்லய்யா, என்னய" என்றேன். அவன் அதை நம்பவில்லை. ஒன்பது மணிக்கு வந்த ஆட்டோவை டீச்சரின் மில்லுக்கு விடச் சொல்லி, கிருபையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குக் கேட்டைத் திறந்து வெளியே போய், பூவரசு மரத்தடியில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதுவரை என் வீட்டை எதிர்ப்பக்கமிருந்து நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெள்ளையடித்த சுவர், வாசலில் வசனம் எழுதின பலகை, பின்னால் கொஞ்சம் தெரிகிற தகரம். நல்ல வீடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரைமணி நேரம் கழித்து ராஜகனி மதினி குடையோடு வந்தாள், என்னைப் பார்க்காமல் பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு மாசிலாமணி, பிறகு டீக்கடைக்காரர், பிறகு மாலை இல்லாமல் கோனார், பிறகு ஆமென் சொன்னவர்கள் ஒவ்வொருவராக. அடுத்த சனிக்கிழமை பாய் போதவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமை நிழல் போதவில்லை. டீச்சர் எல்லாரிடமும் ஒன்றுதான் சொன்னார்: கல்லெடுக்கக் கூடாது, கத்தக் கூடாது, அந்தத் தம்பியைப் பேர் சொல்லித் திட்டக் கூடாது. நூற்றைம்பது பேர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்காம் சனிக்கிழமை ஆசீர் கேட்டை அகலத் திறந்து, சாவிக்கொத்தை டீச்சர் காலடியில் போட்டுவிட்டு, மாமனார் ஊருக்குப் பஸ் ஏறினான். இன்றுவரை என்னிடம் பேசவில்லை. ஜெபத்தில் அவன் பேரை மட்டும் சொல்கிறேன், என்ன கேட்பதென்று தெரியாததால் அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை.

டீச்சர் நாய்களை உடனே யாருக்கும் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போனார், பகலில் வீட்டில் யார் இருப்பீங்க, வயசாகி எழும்ப முடியாதபோது யார் தூக்குவீங்க, குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்திருக்கிறோம் சம்மதமா என்று பெண் கொடுக்கிற வீட்டில்கூடக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். ராஜகனி மதினி லில்லியை எடுத்துக்கொண்டாள். "இவளுக்கு மூணு தடவ ஜெபிச்சேன், இனி ஒரு தடவையாவது குளிப்பாட்டுதேன்." பின்னின தொப்பி லில்லிக்கு அளவாகவே இருந்தது. ராஜாத்தி டீக்கடைக்குப் போனாள். பொறுமை மில்லிலேயே டீச்சர் கட்டிலில் தங்கிவிட்டாள். ஒவ்வொரு நாயும் போன வீட்டில் முதன்முதலாகக் காலை நீட்டி ஒருக்களித்துத் தூங்குகிற நாளில், கோயில் மணியில் அதன் குரைப்பு நின்று, அந்த இழுப்புக்கு டாண் என்று வெண்கலம் விழுந்தது. ஊர் அதையும் பழகிக்கொண்டது. நேத்து ரெண்டாம் மணியில வெங்கலம் கேட்டுதே, யார் வீட்ல தூங்குச்சு என்று விசாரித்துக்கொண்டார்கள்.

கிருபையை நான் கேட்டேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வேண்டாம்க்கா" என்றார். "நீங்க இங்க வாங்க. கழுவ, ஊட்ட ஆள் வேணும். மத்தத அப்புறம் பாப்போம்." அது சரிதான். கிருபை மாசிலாமணி வீட்டுக்குப் போனாள். அவர் மணி அடிக்கையில் கயிற்றடியில் படுத்திருக்கிறாள். நான் கடந்துபோனால் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், எழுந்து வர மாட்டாள். நான் செவ்வாயும் சனியும் மில்லுக்குப் போய்த் தரை கழுவுகிறேன்.

இப்போது எங்கள் மணி மணியாகத்தான் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மணியின் கடைசி இழுப்பு ஒன்றைத் தவிர. அதில் ஒரு குரைப்பு வரும். சின்னக் குரல், ஒரே ஒரு தடவை. மாசிலாமணி கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன், தெரியவில்லை என்று. முப்பது பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். அவர்களில் யாரும் இல்லை. பண்ணைக்குப் பின்னால் முருங்கை மூட்டில் ஆசீர் சிலதைப் புதைத்திருக்கிறான். குட்டி போடுமுன்பே செத்துப்போனவை, யாரும் என்னை ஜெபிக்கச் சொல்லாதவை, அதனால் நான் பேர் வைக்காதவை.

போன ஞாயிறு ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். ஐயர் அதைப் பிரித்தார். பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு "சகோதரி" என்று வாசித்துவிட்டு, அந்த வெற்றிடத்தை அது எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் சும்மா நின்று வாசித்தார்.

யாரும் ஆமென் சொல்ல அவசரப்படவில்லை.